நார்மல் பெட்டியில் இருந்த ஈரல்

நோய்க்குறியியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடை வைப்பதற்கு முன்பே அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிடுகிறீர்கள். சீட்டில் 'நார்மல்' என்று இருந்தால் காபி வந்துவிட்டதா என்று கேட்கத் தொடங்குகிறீர்கள். குறை சொல்லவில்லை, நானும் காபி குடிக்கிறவள்தான். ஆனால் ஓய்வு பெற்றவளிடம் அனுபவத்தை எழுதச் சொல்லிவிட்டீர்கள், இனி நான் விடமாட்டேன்.

சாயம் போடுவதும் கத்தி தீட்டுவதும் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது நாங்கள் நார்மல் என்று எழுதிப் பெட்டியில் வைத்த ஒரு துண்டு ஈரலைப் பற்றி. அதைத் தூக்கிப் போட்டிருந்தால் எங்கள் ஆராய்ச்சி பார்க்க இன்னும் அழகாக இருந்திருக்கும். பிறக்காத ஒரு குழந்தைக்குத்தான் அது கேடாக முடிந்திருக்கும்.

எண்பதுகளின் பின்பாதி அது. தருமபுரியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் லேப் என்றால் ஓர் அறை, ஒரு மைக்ரோஸ்கோப், அடிக்கடி கோபித்துக்கொள்ளும் ஒரு ஃபிரிஜ். மெட்ராஸில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் அப்போது ஈரல் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். வளர்ச்சிக் காரணி என்று ஒன்று இருக்கிறது. ஒரு செல் தனக்கும் பக்கத்துச் செல்லுக்கும் 'வளரு' என்று சொல்லி அனுப்பும் சேதி அது. கருவில் இருக்கும் பிள்ளைக்கு அது வேண்டும், காயம் ஆறுவதற்கும் வேண்டும். வளர்ந்து முடிந்து நோயில்லாமல் இருக்கும் ஈரலில் அது ஏறக்குறைய ஓய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். புற்றுநோய் பிடித்த ஈரலில் அந்தச் சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறதா என்பதுதான் பேராசிரியரின் கேள்வி. காரணி இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் ஏறும்படி ஒரு சாயமுறை அவருடைய லேபுக்குப் புதிதாக வந்திருந்தது.

அவருக்குத் துண்டு சேர்த்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு பெட்டிகள். ஒன்றில் கட்டியிலிருந்து எடுத்த துண்டுகள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, பேருக்கு நான்கு பச்சிலை வைத்தியம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வருவார்கள். இன்னொரு பெட்டியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான நல்ல ஈரல். அதற்கு எங்கே போவது? விபத்தில் இறந்தவர்களின் போஸ்ட்மார்ட்டத்தின்போது, வீட்டாரைக் கேட்டு ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கொள்வோம். கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதில் பேராசிரியர் கண்டிப்பானவர். செத்தவனிடம் எதற்கம்மா அனுமதி என்று பலர் சிரித்த காலம் அது.

ஒரு தக்காளி சீசனில் சென்றாயன் என்ற இளைஞனின் உடல் வந்தது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர். பாலக்கோடு மண்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போன டிராக்டர் வளைவில் கவிழ்ந்து அடியில் சிக்கிக்கொண்டான். சட்டையில் இருந்ததெல்லாம் ரத்தம் என்றே முதலில் நினைத்தேன். பாதி தக்காளி.

பிணவறைக்கு வெளியே அவன் அப்பா மாதையன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அழுது முடித்திருந்தார் போல. அப்படி ஒரு நேரத்தில் போய்க் கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"பையனுக்கு முன்ன ஏதாச்சும் நோய் நொடி, மஞ்சக்காமாலை வந்திருக்குதுங்களா?" என்றேன்.

"காச்சல்னு ஒரு நாள் படுத்தவன் இல்லீங்க. ஒத்த ஆளா மூட்டையத் தூக்கி மேல போடுவான்."

விஷயத்தைச் சொன்னேன். ஈரலில் கட்டி வந்து நிறையப் பேர் சாகிறார்கள், அதை ஆராய நோயில்லாத ஈரலும் ஒரு துண்டு வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. "உங்க பையன் ஆரோக்கியமான ஒடம்புங்க. அதனாலதான் உங்களக் கேக்கறேன்."

அவர் சுவரோரம் பார்த்தார். அங்கே ஒரு சின்னப் பெண் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வயதான ஒருத்தி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மருமவங்க. மாசமா இருக்குது. புடிச்சிருக்கறது எங்க வூட்டுக்காரி." பிறகு என் பக்கம் திரும்பினார். "எடுத்துக்குங்க டாக்டரம்மா. ஆனா ஒண்ணு. அதுல என்ன பாத்தீங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லணும்."

"கட்டாயம் சொல்றேங்க" என்றேன். பஸ் ஏறும்போது 'லெட்டர் போடறேன்' என்று சொல்வோமே, அந்த மாதிரிச் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து மெட்ராஸில் பேராசிரியரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஸ்லைடுகளைப் பார்த்தோம். முதல் பெட்டியில் பெரும்பாலானவை பழுப்பு. அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. இரண்டாவது பெட்டி வெறும் வெளிறல், அதுதான் வேண்டியதும். நடுவில் ஒன்று மட்டும் பழுப்பாக வந்தது. சீட்டைப் பார்த்தேன். நார்மல், விபத்து, டிராக்டர்.

"இது ஒத்துவராதும்மா. பாடி வெயில்ல கெடந்திருக்கும், பீஸ் கெட்டுப்போயிருக்கும். எடுத்துடு" என்றார்.

அவர் சோம்பேறி இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை. அவருக்குத் துரோகம் செய்யும் நோக்கில் இதை எழுதவில்லை. எங்கள் தொழிலில் நல்லவர்கள் செய்யும் தவறே இதுதான். புற்றுநோய்ப் பெட்டியில் ஒன்று வெளிறி இருந்தபோது 'சுவாரசியமாக இருக்கிறதே' என்று இருவரும் அரைமணி பேசினோம். நல்ல ஈரல் பழுப்பானதும் குப்பைத்தொட்டி ஞாபகம் வருகிறது. ஒப்பிட வந்தது ஒழுங்காக இருந்தாக வேண்டும், அதற்கென்று தனியாக ஒரு கதை இருக்கக் கூடாது என்று நமக்கு ஒரு நினைப்பு.

"கெட்டுப்போன பீஸ்னா எல்லா எடத்துலயும் சகதியாட்டம் ஏறும் சார். இது செல் செல்லா ஏறியிருக்கு. பக்கத்துல இருக்கற செல் சுத்தமா இருக்கு" என்றேன்.

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். ஈரலைத் தாக்கும் பி வகை வைரஸின் உறை செல்லுக்குள் இருந்தால் காட்டிக்கொடுக்கும் வேறு ஒரு சாயம் உண்டு. அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"உன் பிடிவாதம்" என்றார். அது சரி என்று அர்த்தம்.

மறுநாள் பார்த்தோம். இருந்தது. காய்ச்சல் என்று ஒரு நாள் படுக்காத, மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிய அந்த இளைஞனின் ஈரலில் வைரஸ் பல வருடமாகச் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறது. இந்த வைரஸ் நெடுங்காலம் தங்கும் ஈரல்களில்தான் புற்றுநோய் அதிகம் வருகிறது என்பது அப்போதே தெரிந்த விஷயம். சென்றாயனுக்குக் கட்டி எதுவும் இல்லை. வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கட்டி வருவதற்கு முன்பே 'வளரு' என்ற சேதி அந்த ஈரலில் கிளம்பியிருந்தது. எந்தக் கேள்விக்காக இத்தனை பெட்டிகளைச் சுமந்தோமோ, அதன் தொடக்கத்தை நல்ல ஈரல் என்று எழுதி வைத்திருந்தோம்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளும் விதம்.

"அவங்க அப்பாகிட்ட என்ன பாத்தோம்னு சொல்றதா வாக்கு குடுத்திருக்கேன் சார்."

"சொல்லி என்ன ஆகப்போகுது? இதுக்கு மருந்து இல்ல. புள்ளையப் பறிகுடுத்த மனுஷன் தலையில இன்னொரு கல்லப் போடணுமா?"

அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சென்றாயனின் பெண்டாட்டி மாசமாக இருந்தாள் என்று நான் சொல்லும் வரைக்கும்தான்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கணவனுக்கு இருந்தால் அவளுக்கும் இருக்கலாம். தாய்க்கு இருந்தால் பிரசவத்தின்போது பிள்ளைக்குத் தொற்றும். பிறக்கும்போதே தொற்றினால் அநேகமாக ஆயுளுக்கும் போகாது. பிறந்த அன்றே தடுப்பூசி போட்டுவிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அந்த ஊசி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இங்கே பெயரைத்தான் கேள்விப்பட்டிருந்தோம்.

"நீ போய்ப் பேசு. ஊசிய நான் பாக்கறேன்" என்றார். தூக்கிப் போடச் சொன்னவரும் அவர்தான், இதைச் சொன்னவரும் அவர்தான்.

தருமபுரிக்குத் திரும்பியதும் எங்கள் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் அனுபவஸ்தர், சுற்றி வளைக்க மாட்டார். "ஈரல் கீரல்னு எல்லாம் போய்ப் பேசாதம்மா. பிரசவத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் பாக்கற ரத்தம்னு சொல்லி எடுத்துக்கோ. இருந்தா ஊசி, இல்லன்னா வேலை முடிஞ்சுது" என்றார்.

அன்று ராத்திரி அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனை அவ்வளவு சுலபமாக இருந்தது. யாருக்கும் வலிக்காது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வைரஸ் இருந்தால்? கணவனுக்கு இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவன் நோயில்லாத உடம்பு என்று நானே சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். அப்படியானால் வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்தவள் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிடும். என்னுடைய சின்னப் பொய்யின் பாரம் முழுவதும் போய் அவள் தலையில் உட்காரும். அதனால் பாப்பாரப்பட்டி பஸ் ஏறினேன்.

மாதையன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். கயிற்றுக் கட்டிலில் போர்வை விரித்து உட்காரச் சொன்னார். மோர் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் உரக்கச் சொன்னார்: "எம்புள்ள ஈரல வாங்குன டாக்டரம்மா இவங்கதான். அன்னிக்கு அங்க எத்தன பாடி கெடந்துச்சு, நோயில்லாத ஒடம்புன்னு நம்மளத்தான் தேடி வந்து கேட்டாங்க."

மகன் போன பிறகு அந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் கொடுத்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கத்தான் இப்போது வந்திருக்கிறேன்.

தனியாகப் பேச வேண்டும் என்று அவரை வீட்டுக்குப் பின்னால் ராகிக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரப்பில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவன் ஈரலில் ஒரு கிருமி இருந்தது. அவனுக்கே தெரியாது. அவனால் மூட்டை தூக்க முடிந்ததும் உண்மை, இதுவும் உண்மை. மருமகளுக்கும் இருக்கலாம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வராமல் தடுக்க வழி உண்டு.

அவர் ராகிக் கதிர் ஒன்றை உருவிக் கையில் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு ஒண்ணுமில்லாத ஒடம்புன்னீங்க."

"சொன்னேங்க. பாக்காமச் சொன்னேன். இப்ப பாத்துட்டுச் சொல்றேன்."

"அப்ப அது நல்ல ஈரலு இல்ல."

கசங்கிய கதிரை வரப்பில் போட்டார்.

"நல்லது இல்லாதத நீங்க எதுக்கு வச்சிருக்கீங்க? திருப்பிக் குடுத்துருங்க. எம்புள்ளயோடத எங்கிட்டயே குடுத்துருங்க."

இந்தத் தொழிலில் பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். கல்லால் அடிக்க வந்தவர்களும் உண்டு. அதெல்லாம் மறந்துவிட்டது. இவர் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கொடுத்த பொருளுக்கு மரியாதை இல்லாத வீட்டில் அதை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது போலக் கேட்டார். சின்னத் துண்டு அது, மெழுகில் பதித்துக் கட்டியாக இருக்கிறது, சீவிச் சீவிப் பார்த்தது போக மீதி இருக்கிறது என்றேன். "அத கொண்டாந்து குடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கொண்டுவருகிறேன் என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். இந்த முறை பஸ் ஏறும்போது சொல்லும் தோரணையில் சொல்லவில்லை.

ரத்தம் எடுக்க வந்தவள் எடுக்காமல் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். கொல்லை ஓரத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் அரிவாளை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் பெயர் கௌரி. பாலக்கோட்டுக்கு மேல், கர்நாடக எல்லைப் பக்கத்து ஊரில் கன்னடம் பேசும் வீட்டிலிருந்து வந்தவள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"கொழந்தைக்கு வருமா?"

"உனக்கு இருந்தா வரலாம். பொறந்த ஒடனே ஊசி போட்டா தடுக்கலாம்."

"அப்ப எடுங்க" என்று கையை நீட்டினாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

வாசலுக்கு வந்து ஊசியை எடுத்தபோது மாமியார் பாப்பம்மா விவரம் கேட்டுக்கொண்டு வந்தார். அன்று ஆஸ்பத்திரியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்த அதே அம்மாள்தான். "எம்புள்ளைக்கு ஏது நோய்? எங்க வம்சத்துலயே இல்ல. அந்தப் பக்கத்துலருந்து வந்தவ கொண்டாந்துட்டா" என்றார். கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். இப்படி வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தும், கேட்டபோது கோபம் வந்தது.

"வூட்டுல இருக்கற எல்லாருக்கும் எடுக்கணுங்க" என்றேன்.

"எனக்கு எதுக்கு? நான் கல்லாட்டம் இருக்கறேன்."

"உங்க பையனும் அப்படித்தாங்க இருந்தாரு."

மாதையன் என் முகத்தைப் பார்க்காமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினார். ஈரலைத் திருப்பிக் கேட்ட மனிதர் ரத்தம் கொடுத்தார். அதற்குப் பிறகு பாப்பம்மாவால் மறுக்க முடியவில்லை.

மெட்ராஸிலிருந்து முடிவு வந்தது. கௌரிக்கு இருந்தது. பாப்பம்மாவுக்கும் இருந்தது. மாதையனுக்கு இல்லை.

மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்து நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி ஒவ்வொருவரிடமும் அவரவர் முடிவை மட்டும் தனியே சொன்னேன். மாதையன், "அவனுக்கு இருந்தது எனக்கு இல்லீங்களா?" என்று கேட்டார். சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. கௌரி, ஊசி எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள்.

பாப்பம்மாதான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். சாமர்த்தியமான பெண்மணி, சொல்லாததையும் கூட்டிக் கழித்துப் புரிந்துகொண்டார்.

"அப்ப எங்கிட்டருந்துதான் எம்புள்ளைக்குப் போச்சுங்களா?"

இருக்கலாம் என்பதுதான் உண்மை. பிரசவத்தில் போயிருக்க நிறைய வாய்ப்பு. அவர் கௌரியைப் பேசிய பேச்சுக்கு இது வேண்டும் என்று என் மனதில் ஒரு மூலை சொன்னது, அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்த ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் நான் பார்த்தேன். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை அந்தச் சோதனை பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லி அந்தக் குடும்பத்தில் ஒருமுறை பட்டது போதும்.

"தெரியாதுங்க. ஒரே ஊசிய பல பேருக்குப் போட்டிருப்பாங்க, பல்லு புடுங்குன எடத்துல வந்திருக்கும். யாருகிட்டருந்து வந்துச்சுன்னு கண்டுபுடிக்க சோதனையே இல்ல. உங்ககிட்டருந்துன்னும் சொல்ல முடியாது, கௌரிகிட்டருந்துன்னும் சொல்ல முடியாது."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே மரத்தடியில் கௌரி நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஊசி வந்தது. பேராசிரியர் தன் லேபில் ரத்தம் தொடுகிறவர்களுக்கென்று வரவழைத்ததில் தனக்கு வைத்திருந்ததைத் தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, நம்பிக்கையான ஆள் மூலம் அனுப்பினார். எங்கள் ஃபிரிஜ்ஜுக்கு அந்த நாட்களில் கிடைத்த மரியாதை எனக்குக்கூடக் கிடைத்ததில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் கதவைத் தொட்டுக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டோம் என்று நிமிர்ந்தபோதுதான் எனக்குத் தோன்றாத ஒன்று குறுக்கே வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். கௌரியின் அண்ணன் வந்து முறைப்படி அழைத்துக்கொண்டு போய்விட்டான். ஊசி தருமபுரியில், கௌரி எல்லையோரத்து ஊரில். அங்கே மருத்துவச்சிதான் பிரசவம் பார்ப்பாள். நான் சொல்லியனுப்பிய சேதிக்குப் பதில் வரவில்லை. வைரஸைப் பற்றி எல்லாம் யோசித்தேன், வழக்கத்தைப் பற்றி யோசிக்கவில்லை. பிரசவ நாள் நெருங்க நெருங்க ஃபிரிஜ்ஜைத் திறந்து அந்தச் சின்னக் குப்பியைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஒரு நாள் மதியம் ஆஸ்பத்திரி வாசலில் தக்காளி டெம்போ ஒன்று வந்து நின்றது. பின்னால் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே சாக்கு விரித்துக் கௌரி படுத்திருந்தாள். தலை பாப்பம்மாவின் மடியில். இடுப்பு வலி கண்டதும் சம்பந்தி வீட்டில் சண்டை போட்டுக் கூட்டிவந்திருக்கிறார். வலி கண்டது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், பிரசவ மாதம் தொடங்கியதும் அந்த அம்மாள் தானும் சம்பந்தி வீட்டிலேயே போய்த் தங்கிவிட்டாராம். மருமகளின் தாய் வீட்டில் மாமியார் போய்த் தங்குவது எங்கள் பக்கம் நடக்கிற காரியம் இல்லை. ஊரே சிரித்திருக்கும்.

கௌரி ஸ்ட்ரெச்சருக்கு மாறும்போது பாப்பம்மாவின் கையை விடவில்லை. "வெளிய போகப் பேடா அத்தே, பேடா" என்றாள். வேண்டாம் என்பதற்கு அவள் வீட்டு மொழி.

சாயங்காலத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்டியதும் குட்டித் தொடையில் நானே ஊசி போட்டேன். பிணத்தையும் ஸ்லைடையும் மட்டுமே தொட்டுப் பழகிய கை அது. அடுத்தடுத்த ஊசிகளுக்கும் பாப்பம்மா தவறாமல் தூக்கிவந்தார்.

குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு ரத்தம் எடுத்து அனுப்பினோம். வைரஸ் இல்லை என்று வந்தது. பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னேன். "அப்படியா" என்றார். பிறகு, "அந்த ஸ்லைடுக்குத் தனியா ஒரு பெட்டி போட்டிருக்கேன். ரெண்டுலயும் சேராதது இனிமே அதுல போகட்டும்" என்றார். அப்படிப்பட்ட ஒரு பெட்டியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். முடிவை மாற்றச் சொல்லவில்லை, ஒத்துவராததைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். சீட்டில் நார்மல் என்று எழுதும்போது அந்தத் துண்டுக்கு ஓர் அப்பா இருக்கிறார், ஒரு மனைவி இருக்கிறாள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கொடுத்த இரண்டாவது வாக்கு பாக்கி இருந்தது. மெழுகுக் கட்டியை மெட்ராஸிலிருந்து வாங்கிக்கொண்டேன். வெள்ளைத் துணியில் முடிந்து, குழந்தையின் முடிவையும் சொல்லிவிடலாம் என்று பாப்பாரப்பட்டி பஸ் ஏறினேன். மாதையன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தார். அந்தக் கொல்லைப் பேச்சுக்குப் பிறகு நாங்கள் இருவரும் நேராகப் பேசியதே இல்லை. முதலில் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு முடிச்சை நீட்டினேன்.

"நீங்க கேட்டதுங்க. இவ்வளவுதான் மீதி."

அவர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். வெள்ளை மெழுகுக்குள் பழுப்பாக, ஒரு விரல் நகம் அளவுக்கு. குழந்தை அதைப் பிடுங்கக் கையை நீட்டியது. அவர் மெல்ல அந்தக் கையை விலக்கினார். துணியை மறுபடி முடிந்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களையும் சேர்த்து மூடினார்.

"வச்சுக்குங்க டாக்டரம்மா. ஊர்ல கேட்டா நல்ல ஈரலுன்னுதான் இன்னும் சொல்லிக்கிட்டிருக்கறேன். கெட்டதா இருந்தா, இந்தப் புள்ளைக்கு வரப்போறத வாயத் தொறந்து சொல்லியிருக்குமா?"